அண்ணன் மூளைக்காரன், நான் மனப்பாடக்காரியா?

விருதுநகர் மாவட்டத்தின் சிறு நகரம் ஒன்றிலிருந்து இருபது வயது வாசகி எழுதியிருக்கிறார். பெயர், ஊர், கல்லூரி எதுவும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சாரம் இது.

பி.எஸ்சி. கணிதம், இப்போதுதான் கடைசி ஆண்டு தொடங்கியிருக்கிறது. இதுவரை எல்லா செமஸ்டரிலும் துறையில் முதலிடம். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளி. அப்பாவுக்குச் சின்ன மளிகைக்கடை. அண்ணனை நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளியில் சேர்த்து, அப்புறம் தனியார் பொறியியல் கல்லூரியில் படிக்க வைத்தார்கள். அவருக்கு இன்னும் ஆறு அரியர் பாக்கி. ஆனாலும் வீட்டில், "அவன் மூளைக்காரன், உக்காந்து படிச்சா எங்கேயோ போயிடுவான். இவ மனப்பாடம் பண்ணி மார்க் வாங்குறவ" என்றுதான் பேச்சு. வாசகிக்கு எம்.எஸ்சி. படித்து ஆராய்ச்சிக்குப் போக ஆசை. அப்பா, பி.எட். முடித்து டீச்சர் வேலைக்குப் போ என்கிறார். பேராசிரியரிடம் யோசனை கேட்டதற்கு, "நீ நல்ல உழைப்பாளிம்மா. ஆனா ரிசர்ச்சுக்கு ஒரு பொறி வேணும்" என்று சொல்லிவிட்டு, கரும்பலகையில் சட்டென்று கணக்குப் போடும் ஒரு மாணவனை உதாரணம் காட்டினாராம். அன்று இரவே இணையத்தில் தேடி, ஆண் மூளை பெரியது, கணிதத்துக்கு ஏற்றது என்றெல்லாம் படித்திருக்கிறார். கடிதத்தின் கடைசி வரி: "எனக்கு நிஜமாவே மூளை இருக்கான்னு ஐ.க்யூ. டெஸ்ட் வச்சு சொல்ல முடியுமா மேடம்? கம்மியா வந்தா பேசாம பி.எட். போயிடுறேன்."

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தச் சோதனையை உங்களுக்கு நான் வைக்க மாட்டேன். ஐ.க்யூ. சோதனை உளவியலாளர்களான எங்களுக்குப் பயன்படும் இடங்கள் வேறு. ஒரு குழந்தைக்கு அறிவுத்திறன் குறைபாடு இருக்கிறதா, படிப்பில் பின்தங்குவதற்குக் கற்றல் குறைபாடு காரணமா, தலையில் அடிபட்டவருக்கு எந்தத் திறன் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க அது உதவும். துறையில் முதலிடம் வாங்குகிற ஒருவர் கணித ஆராய்ச்சிக்குப் போகலாமா என்று அது சொல்லாது. சரி, சோதனை வைத்தோம், 118 என்று வந்தது என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்வீர்கள்? 126 என்று வந்தால்? பி.எட். இந்தப் பக்கம், எம்.எஸ்சி. அந்தப் பக்கம் என்று பிரிக்கும் கோடு அந்த எண்களுக்கு நடுவில் எங்கேயும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் பெரிய வித்தியாசம் காட்டும் கேள்விகளை, இந்தச் சோதனைகளைத் தயாரிக்கும்போதே கழித்துவிடுவது பழைய வழக்கம். ஆணுக்கா பெண்ணுக்கா யாருக்கு மூளை அதிகம் என்ற வழக்கில் சாட்சி சொல்லவே அவற்றுக்குத் தகுதி குறைவு.

மார்க் இவளுக்கு, மூளை அவனுக்கு

உங்கள் வீட்டுப் பேச்சைக் கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள். அண்ணனுக்கு அரியர் விழுந்தால் மூளை இருக்கிறது, உழைப்புதான் இல்லை. நீங்கள் முதலிடம் வாங்கினால் உழைப்பு இருக்கிறது, மூளைதான் இல்லை. இந்த ஏற்பாட்டில் அவர் எத்தனை முறை தோற்றாலும் மூளைக்காரர்தான், நீங்கள் எத்தனை முறை ஜெயித்தாலும் மனப்பாடக்காரிதான். எந்த விடைத்தாளாலும் மாற்ற முடியாத தீர்ப்பு என்றால், அது விடைத்தாளைப் பார்த்து எழுதப்படவே இல்லை என்று அர்த்தம்.

இது உங்கள் வீட்டோடு நிற்கிற விஷயமும் இல்லை. ப்ளஸ் டூ முடிவு வரும் நாளில் 'வழக்கம்போல மாணவிகளே அதிகத் தேர்ச்சி' என்று செய்தி வரும். 2024இல் மாணவிகள் 96.44 சதவீதம், மாணவர்கள் 92.37 சதவீதம். அன்றைக்கே யாராவது ஒருவர், "பொம்பளப் புள்ளைங்க கடம் அடிச்சு எழுதிடும், பசங்கதான் புரிஞ்சு படிப்பானுங்க" என்பார். சுற்றி நிற்பவர்களும் தலையாட்டுவார்கள். புரிந்து படித்தவன் ஏன் பெயிலானான் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் டோரிஸ் யீ, ஜாக்குலின் எக்கிள்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1988இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மகன் கணக்கில் நன்றாகச் செய்தால் இயல்பான திறமை என்றும், மகள் நன்றாகச் செய்தால் பாடுபட்டுப் படித்தாள் என்றும் காரணம் சொல்லும் பக்கமே பெற்றோர் சாய்ந்தார்கள். உங்கள் அப்பா அம்மாவும் பாசத்தோடுதான் இதைச் சொல்கிறார்கள், சந்தேகமில்லை. ஆனால் வருடக்கணக்கில் கேட்கிற பிள்ளை அதைத் தன் சொந்த எண்ணமாகவே எடுத்துக்கொள்ளும்.

எந்த வயதிலிருந்து? 2017இல் சயன்ஸ் இதழில் லின் பியான், சாரா ஜேன் லெஸ்லி, ஆந்த்ரே சிம்பியன் மூவரும் எழுதிய ஆய்வு இதைத்தான் பார்த்தது. ஐந்து, ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளிடம் 'ரொம்ப ரொம்ப புத்திசாலியான' ஒருவரைப் பற்றிக் கதை சொன்னார்கள். ஆணா பெண்ணா என்று சொல்லவில்லை. அப்புறம் படங்களைக் காட்டி, அந்த ஆள் யாராக இருக்கும் என்று கேட்டார்கள். ஐந்து வயதில் பையன்கள் ஆணையும் பெண் குழந்தைகள் பெண்ணையும் ஏறக்குறைய ஒரே அளவில் காட்டினார்கள். ஆறு, ஏழு வயதில் பெண் குழந்தைகள் தங்கள் பக்கம் கைகாட்டுவது குறைந்துவிட்டது. புத்திசாலிகளுக்கான விளையாட்டு என்று சொல்லி ஒன்றைத் தந்தால் அதில் அவர்களுக்கு ஆர்வம் குறைவு. நன்றாக முயற்சி செய்கிறவர்களுக்கான விளையாட்டு என்றால் பையன்களுக்குச் சமமான ஆர்வம். எனக்கு இந்த ஆய்வில் முக்கியமாகப் படுவது வேறொன்று. பள்ளியில் நல்ல மார்க் வாங்குவது யார் என்று கேட்டபோது, அதே பெண் குழந்தைகள் பெண்களைத்தான் காட்டினார்கள். மார்க் நமக்கு, மூளை அவர்களுக்கு என்ற பாகப்பிரிவினை ஒன்றாம் வகுப்பிலேயே முடிந்துவிடுகிறது. நீங்கள் இருபது வயதில் எனக்கு எழுதியிருப்பதும் அதே பிரிவினைதான்.

இது படிப்பைத் தேர்ந்தெடுப்பது வரை வருகிறது. லெஸ்லியும் சிம்பியனும் வேறு சிலரோடு சேர்ந்து 2015இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் 30 துறைகளைச் சேர்ந்த சுமார் 1,800 பேரிடம், உங்கள் துறையில் ஜெயிக்கப் பிறவித் திறமை வேண்டுமா, உழைப்பு போதுமா என்று கேட்டார்கள். பிறவித் திறமை என்று அதிகம் பேர் சொன்ன துறைகளில் முனைவர் பட்டம் வாங்கும் பெண்கள் குறைவாக இருந்தார்கள். கணிதமும் இயற்பியலும் மட்டும் இல்லை, தத்துவமும் அப்படித்தான். கணக்கே இல்லாத தத்துவத்திலும் பெண்கள் குறைவு என்றால், 'பெண்ணுக்குக் கணக்கு வராது' என்பதை வைத்து அதை விளக்க முடியாது.

இணையத்தில் படித்த 'ஆண் மூளை'

சராசரியாக ஆணின் மூளை பத்து சதவீதம் அளவுக்குப் பெரியது என்பது உண்மை. உடம்பும் பெரியது. அதனால் சராசரி அறிவுத்திறன் கூடிவிடவில்லை. ஜேனட் ஹைடும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களின் கணித மதிப்பெண்களை எடுத்துப் பார்த்து 2008இல் எழுதினார்கள். இரண்டாம் வகுப்பிலிருந்து பதினொன்றாம் வகுப்பு வரை, பொருட்படுத்தும்படியான வித்தியாசம் இல்லை. ஒரு பொருளை மனதுக்குள் திருப்பிப் பார்க்கிறது போன்ற சில சோதனைகளில் ஆண்களின் சராசரி கூடுதலாக வருகிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது பயிற்சியில் வளர்கிற திறன்.

உச்சியில் இருப்பவர்கள் ஆண்கள்தானே என்று அடுத்து கேட்பார்கள். அமெரிக்காவில் 13 வயதுக்குள், கல்லூரிச் சேர்க்கைக்கான சாட் தேர்வின் கணிதப் பகுதியில் 700க்கு மேல் வாங்கிய பிள்ளைகளில், 1980களின் தொடக்கத்தில் 13 பையன்களுக்கு 1 பெண் என்று இருந்தது. முப்பது ஆண்டுகளுக்குள் அது சுமார் 4க்கு 1 ஆகிவிட்டது. முப்பது ஆண்டில் மூளை மாறாது, வளர்ப்பு மாறும்.

தான் ஒரு பெண் என்ற நினைப்போடு கணக்குத் தேர்வு எழுதினாலே மார்க் குறையும் என்ற கட்டுரையும் உங்கள் கண்ணில் பட்டிருக்கலாம். 1990களில் வந்த கருத்து அது, ரொம்பப் பிரபலம். நெதர்லாந்தில் 2,000க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களை வைத்துக் கவனமாகச் செய்து பார்த்தபோது அந்த விளைவு தெரியவில்லை. அந்தப் பயத்தையும் சுமந்துகொண்டு தேர்வுக்குப் போக வேண்டாம்.

பேராசிரியர் சொன்ன பொறி

அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் கரும்பலகையில் வேகமாகக் கணக்குப் போடுவது ஒரு திறமை, ஆராய்ச்சிக்கு வேண்டியது பெரும்பாலும் வேறொன்று. அங்கே ஒரே கேள்வியோடு மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் உட்கார வேண்டும். மேதைகளை உதாரணம் காட்ட எனக்குத் தயக்கம், ஏனென்றால் மேதைகள் மட்டும்தான் போகலாம் என்ற எண்ணத்தையே அது வளர்க்கும். இருந்தாலும் இதைச் சொல்லலாம். கணிதத்தின் மிக உயரிய விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 2014இல் வாங்கிய முதல் பெண்ணான ஈரானின் மரியம் மிர்சாகானி, தான் மெதுவாக யோசிக்கிறவர் என்றே சொல்லிக்கொண்டார். பள்ளியில் ஒரு வருடம் கணக்கில் சரியாகச் செய்யவில்லை, ஆசிரியையும் இவருக்குப் பெரிய திறமை இல்லை என்று நினைத்தார். நம் பக்கத்தில், சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் படித்த ராமன் பரிமளா 1987இல் அறிவியலுக்கான பட்நாகர் விருது வாங்கியிருக்கிறார்.

உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலிடம் வாங்கியதாலேயே ஆராய்ச்சிக்குத் தயார் என்று ஆகிவிடாது. நம் பல்கலைக்கழகத் தேர்வுகளில் பாடத்தில் உள்ள தேற்றத்தையே திரும்பக் கேட்பது நிறைய நடக்கிறது. நிரூபணத்தைக் கடம் அடித்து எழுதி முதலிடம் வாங்க முடியும். நீங்கள் அப்படித்தான் வாங்கினீர்களா என்று எனக்குத் தெரியாது. உங்கள் அப்பாவுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது, ஐ.க்யூ. சோதனையைவிட எவ்வளவோ நேர்மையான வழி. ரியல் அனாலிசிஸ் பாடப்புத்தகத்தில் அத்தியாயத்தின் கடைசியில் இருக்கும் பயிற்சிகளில், வகுப்பில் நடத்தாத பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விடையை எங்கேயும் தேடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று நாள் கொடுங்கள். எத்தனை முடிந்தது என்பதைவிட, முடியாதபோது மறுநாளும் அதையே எடுக்கத் தோன்றியதா என்று கவனியுங்கள். பத்தில் மூன்று வந்து, மற்ற ஏழும் உங்களைத் தூங்கவிடாமல் செய்தால் எனக்கு அது நல்ல அறிகுறி. பத்துமே சலிப்பாக இருந்தால் அதுவும் உபயோகமான தகவல்தான். அப்போதும் காரணம் மூளைக் குறைவு இல்லை, ஆர்வம் வேறு பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான்.

பி.எட். தண்டனை இல்லை

"கம்மியா வந்தா பேசாம பி.எட். போயிடுறேன்" என்ற வரி என்னை உறுத்தியது. மூளை குறைந்தவர்கள் போகிற இடம் என்று ஆசிரியர் வேலையை எப்போது முடிவு செய்தீர்கள்? பெண்கள் அதிகம் போகிற வேலை என்பதால் அதன் மதிப்பைக் குறைத்து எடைபோடுவதும், உங்களை மனப்பாடக்காரி என்பதும் ஒரே மரத்துக் காய்கள். கணக்கென்றால் நடுங்குகிற எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பின்னத்தைப் புரிய வைக்கச் சாதாரண மூளை போதாது. கற்பிப்பதில் உங்களுக்கு உண்மையாகவே விருப்பம் இருந்தால் தலைநிமிர்ந்து போங்கள். தோற்றதற்கு அபராதமாகப் போகாதீர்கள்.

இதில் எது முதலில் என்பதையும் நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். எம்.எஸ்சி. போனால் டீச்சர் வேலை கைவிட்டுப் போய்விடும் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மை நேர் எதிர். பி.எஸ்சி., பி.எட். முடித்து, டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வில் இரண்டாம் தாள் தேறினால் பட்டதாரி ஆசிரியர் பணிக்குத் தகுதி. எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் இருந்தால் ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி.) மூலம் முதுநிலை ஆசிரியர் பணிக்கும் போட்டியிடலாம். எம்.எஸ்சி.யோடு நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வில் தேறினால் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். பி.எட்.டை எம்.எஸ்சி.க்குப் பிறகும் படிக்கலாம், இரண்டு வருடம்தான். டெட் தேறிவிட்டு அரசு வேலைக்குக் காத்திருப்பவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். ஆகவே 'பாதுகாப்பான வழி' என்பதும் அப்பா நினைக்கும் அளவுக்குப் பாதுகாப்பானதில்லை.

அப்பாவிடம் பேசும்போது

எனக்கு மூளை இருக்கிறது என்று அவரிடம் நிரூபிக்கப் போகாதீர்கள், அந்த விவாதத்துக்கு முடிவே கிடையாது. அண்ணனுக்கு எவ்வளவு செலவழித்தீர்கள் என்ற கணக்கையும் எடுக்காதீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதைக் கேட்ட நிமிடத்தில் பேச்சு உங்கள் படிப்பை விட்டு அண்ணன் பக்கம் போய்விடும். கடை நடத்துகிறவருக்குப் புரிகிற மொழி வரவு செலவுதான்.

அவர் மனதில் இருப்பது பணம், விடுதி, கல்யாணம் என்று ஊகிக்கிறேன். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. கட்டணம் பி.டெக். அளவுக்கு வராது. அந்தச் சேர்க்கைக்கான ஜாம் நுழைவுத் தேர்வில் ஒரு தாள் எழுதப் பெண்களுக்குக் கட்டணம் பாதி. சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகத்தில் தனி நுழைவுத் தேர்வு, தகுதி பார்த்துக் கட்டணச் சலுகையும் தருகிறார்கள். ஆராய்ச்சி என்றால் சம்பளம் இல்லாமல் படித்துக்கொண்டே இருப்பது என்று அப்பா நினைத்தால், சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை என்று சொல்லுங்கள். அதற்கான வயது வரம்பில் பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வும் உண்டு. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் வருகிற 1,000 ரூபாயில் ஜாம் புத்தகம் வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள், ரொம்ப சந்தோஷம். ஆனால் அந்தப் பணம் முதல் பட்டப்படிப்போடு நின்றுவிடும். எம்.எஸ்சி. செலவுக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

அதிகம் படித்தால் மாப்பிள்ளை கிடைக்காது என்ற பேச்சுக்கு என்னிடம் சாமர்த்தியமான பதில் இல்லை. சில இடங்களில் அது உண்மையாகவே தடையாக வரும். படித்த பெண் வேண்டாம் என்கிற வீட்டுக்கு நீங்கள் போகாமல் இருப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம், அப்பாவுக்கு அது உடனே பிடிக்காது. "எம்.எஸ்சி. முடியும் வரை ரெண்டு வருஷம் இந்தப் பேச்சு வேண்டாம்" என்று கால அளவோடு கேளுங்கள். 'எப்பவும் வேண்டாம்' என்பதைவிட 'ரெண்டு வருஷம்' என்பதற்கு ஒப்புக்கொள்ளும் பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் வயது வந்தவர், உங்கள் சம்மதம் இல்லாமல் கல்யாணம் செய்து வைக்க யாருக்கும் உரிமை கிடையாது. நிலைமை அங்கே போகும் என்று உங்கள் கடிதம் காட்டவில்லை. போனால் பெண்கள் உதவி எண் 181 இருக்கிறது. சான்றிதழ்களின் நகல்களை டிஜிலாக்கரில் இப்போதே சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வருடம்

ஜாமுக்கு விண்ணப்பம் வழக்கமாக செப்டம்பர், அக்டோபரில், தேர்வு பிப்ரவரியில். மூன்று மணி நேரம், 60 கேள்விகள். பழைய வினாத்தாள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, முதலில் ஒன்றை நேரம் வைத்து எழுதிப் பாருங்கள். மார்க் அதிர்ச்சியாகத்தான் இருக்கும், எல்லாருக்கும் அப்படித்தான். ஜாம் கைகொடுக்காவிட்டால் பக்கத்துப் பல்கலைக்கழகத்திலோ உங்கள் கல்லூரியிலோ எம்.எஸ்சி. சேர்ந்து நெட்டுக்குத் தயாராகுங்கள். அடுத்த வருடம் ஜாம் எழுதலாம் என்று ஒரு வருடம் வீட்டில் மட்டும் இருக்காதீர்கள். உங்கள் வீடு போன்ற வீட்டில் அந்த ஒரு வருடம் படிப்புக்காக இருக்காது, பெண் பார்க்க வருகிறவர்களுக்காகத்தான் இருக்கும்.

எம்.டி.டி.எஸ். என்ற கணிதப் பயிற்சி முகாமுக்கும் விண்ணப்பியுங்கள். 1993 முதல் கோடை விடுமுறையில் நடக்கிறது. சிறிய ஊர்க் கல்லூரிகளிலிருந்து பி.எஸ்சி., எம்.எஸ்சி. மாணவர்கள் வருவார்கள். தங்குமிடம், சாப்பாடு இலவசம், ரயில் கட்டணமும் தருவார்கள். அங்கே தேற்றத்தை ஒப்பிக்கச் சொல்ல மாட்டார்கள். ஏன், எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். உங்கள் பேராசிரியர் சொன்ன பொறி உங்களிடம் இருக்கிறதா என்ற கேள்விக்கு அந்த நான்கு வாரம் என்னைவிட நன்றாகப் பதில் சொல்லும். அதற்கு உங்களுக்குப் பாடம் எடுத்த ஒருவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். அந்தப் பேராசிரியரிடமே போய்க் கேளுங்கள். நீங்களாகப் போட்ட பத்துக் கணக்குகளையும், வராமல் போனவற்றையும் சேர்த்து, கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். அவர் தயங்கினால், அல்ஜீப்ரா நடத்திய மேடத்தைப் பற்றிக் கடிதத்தில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்களே, அவரிடம் கேளுங்கள்.